பழைய கணக்கை அழிப்பது யார்?

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில், காலை எட்டு மணிக்குக் கேளம்பாக்கம் கூட்டுச்சாலைப் பக்கம் போனால் தமிழ்நாட்டின் பள்ளிக்கூட உலகம் மொத்தமும் ஓரிடத்தில் திரண்டிருப்பதைப் பார்க்கலாம். சிறுசேரி சிப்காட்டுக்கு விரையும் கம்பெனி பஸ்களுக்கு நடுவே தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் ஊர்ந்து போகும். வண்டலூர் சாலையோர அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பிள்ளைகள் அவற்றில் இருப்பார்கள். கோவளம் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகளும், தையூர், படூர் பக்கத்துக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் அரசு கொடுத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பார்கள். உப்பளமும் ஏரியும் வயலுமாக இருந்த வட்டாரம் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் கட்டடக் காடாகிவிட்டது. அந்தக் கட்டடங்களை எழுப்ப ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் இங்கே உண்டு. திருப்போரூர் ஒன்றியத்து இருளர் குடியிருப்புகளிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வருபவர்களும் உண்டு.

இவர்கள் எல்லோருக்கும் அந்த வாரத்தில் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் சொல்வார்: போன வருஷம் போனது போகட்டும்; செய்த தப்பை யோசித்துப் பாருங்கள்; இந்த வருஷம் புதிதாகத் தொடங்குங்கள். சொல்பவருக்கு அதில் உண்மையான அக்கறை இருக்கிறது. கேட்கும் பிள்ளைக்கும் ஆசை இருக்கிறது. புது நோட்டின் முதல் பக்கத்தில் எந்தப் பிள்ளையும் கிறுக்கலாக எழுதுவதில்லை. ஆனால் காலாண்டுத் தேர்வு வருவதற்குள் கடைசி பெஞ்சில் மறுபடியும் அதே முகங்கள்.

ஒரு பிள்ளை தன்னைத் திரும்பிப் பார்த்து மறுபடி தொடங்க எது உதவுகிறது, எது குறுக்கே நிற்கிறது? ஆய்வாளர்கள் கண்டது, சட்டம் சொல்வது, தமிழ்நாட்டுப் பள்ளிகள் இருபது ஆண்டுகளில் பட்டறிந்தது ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கிறது. பிள்ளையின் உறுதிமொழி எவ்வளவு பெரியது என்பதைவிட, அவன் பெயரில் எழுதிவைத்த பழைய கணக்கைப் பெரியவர்கள் அழிக்கத் தயாரா என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

யோசிக்கச் சொல்லும் விதம்

தப்பு செய்த பிள்ளையை யோசிக்கவைக்கப் பள்ளிகள் கையாளும் வழிகள் பல தலைமுறைகளாக மாறவில்லை. ‘இனி இப்படிச் செய்ய மாட்டேன்’ என்று நூறு தடவை இம்போசிஷன். ஒரு மன்னிப்புக் கடிதம். வகுப்புக்கு வெளியே நிற்பது. ‘நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்தாத்தான் உள்ளே விடுவேன்.’ எல்லாவற்றுக்கும் மேலாக, ‘டி.சி. குடுத்து அனுப்பிடுவேன்.’

இவற்றில் எதிலும் பிள்ளை யோசிப்பதற்கு இடமில்லை. இம்போசிஷன் எழுதும் கைக்குப் பத்தாவது வரியிலேயே பொருள் மறந்துவிடுகிறது. மன்னிப்புக் கடிதத்தின் வாசகத்தை ஆசிரியரே சொல்லிக்கொடுக்கிறார்; பிள்ளை அதைப் பிரதி எடுக்கிறான். அந்தக் கடிதம் தலைமையாசிரியர் அறை பீரோவில் பத்திரமாக இருந்து, அடுத்த தடவை ஏதாவது நடந்தால் சாட்சியாக வெளியே வருகிறது. அப்பாவைக் கூட்டிவரச் சொல்வது மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் சிப்காட்டில் செக்யூரிட்டி வேலை பார்ப்பவருக்கும் சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்கும் அது ஒரு நாள் கூலி. அதைச் சொல்ல வாய் வராத பிள்ளை மறுநாள் பள்ளிக்கே போவதில்லை. அதற்கு மறுநாளும் போவதில்லை. பல இடைநிற்றல்களின் தொடக்கம் இப்படிப்பட்ட ஒரு காலைப் பொழுதுதான்.

உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது. பிரம்பு பெரும்பாலும் போய்விட்டது. அதன் இடத்தில் எது வர வேண்டும் என்பதை யாரும் ஆசிரியருக்குக் கற்றுத்தரவில்லை.

அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி 1910-இல் சிந்திக்கும் முறையைப் பற்றி எழுதிய நூலில், உண்மையான சிந்தனை ஒரு குழப்பத்திலிருந்துதான் பிறக்கும் என்று விளக்கினார். என்ன செய்வதென்று தெரியாமல் மனம் தடுமாறும் இடத்தில்தான் யோசனை தொடங்குகிறது. விடையைப் பெரியவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் பிள்ளைக்குத் தேடுவதற்கு எதுவும் மிச்சம் இல்லை. ‘நீ செய்தது தப்பு, ஒத்துக்கொள்’ என்பது விசாரணை. ‘அப்போது என்ன நடந்தது, உன் மனசில் என்ன ஓடியது, யாருக்கு வலித்தது, மறுபடி அப்படி ஒரு நேரம் வந்தால் என்ன செய்வாய்’ என்பதுதான் யோசிக்கவைக்கும் பேச்சு.

ஆய்வுகள் கண்டது

புதிய தொடக்கத்துக்கு நாளும் கிழமையும் உதவுகின்றன என்பது வெறும் நம்பிக்கை அன்று. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகிய மூவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், ஆண்டுத் தொடக்கம், கல்விப் பருவத் தொடக்கம், பிறந்தநாளை அடுத்த நாட்கள் ஆகியவற்றில் மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதும் புதிய இலக்குகளுக்கு உறுதி எடுப்பதும் கூடுகின்றன. பழைய தோல்விகள் ‘அந்தக் காலத்து நான்’ செய்தவையாக விலகி நிற்பதால் மனத்துக்குத் தெம்பு வருகிறது. பள்ளி திறக்கும் வாரத்தைத் தலைமையாசிரியர்கள் தேர்ந்தெடுப்பது சரியான கணிப்புதான்.

டாய் 2018-இல் செய்த இன்னோர் ஆய்வு ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தது. பழைய மதிப்பெண்களை நீக்கிவிட்டுப் புதிதாகக் கணக்கெடுக்கத் தொடங்கினால், முன்பு பின்தங்கியவர்கள் முன்னேறுகிறார்கள். முன்பு நன்றாகச் செய்தவர்கள் சற்றுத் தளர்கிறார்கள். ஆகவே எல்லோருக்கும் ஒரே உரையை வாசிப்பதில் பயன் குறைவு. பின்தங்கிய பிள்ளைக்குத்தான் பழைய கணக்கு அழிய வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கோ தொடர்ச்சிதான் தேவை.

‘என் மூளை வளரக்கூடியது, முயன்றால் கற்றுக்கொள்ள முடியும்’ என்ற எண்ணத்தைப் பிள்ளைகளிடம் வளர்ப்பது பற்றி கேரல் டுவெக் 2006-இல் எழுதிய நூல் உலகம் முழுவதும் பரவியது. அதைப் பெரிய அளவில் சோதித்த ஆய்வு 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. டேவிட் யேகர் குழுவினர் அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 12,000 பேருக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கணினிப் பயிற்சி தந்தார்கள். மதிப்பெண் குறைவாக இருந்த மாணவர்களிடம் சிறிய, ஆனால் உறுதியான முன்னேற்றம் தெரிந்தது. அதே எண்ணத்தை வைத்து இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் செய்த சோதனை பலன் தரவில்லை என்று அதே 2019-இல் முடிவு வந்தது. அர்ஜென்டினாவின் சால்டா மாகாணத்து மேல்நிலைப் பள்ளிகளிலும் பலன் தெரியவில்லை.

ஒரே மருந்து ஓரிடத்தில் வேலை செய்து இன்னோரிடத்தில் செய்யாமல் போவானேன்? யேகர் குழுவினரே 2022-இல் ஒரு பதிலைக் கண்டார்கள். எந்த வகுப்பின் ஆசிரியர் தம் மாணவர்கள் மாறக்கூடியவர்கள் என்று நம்பினாரோ அந்த வகுப்பில்தான் பயிற்சி பலித்தது. மாற முடியாது என்று நினைத்த ஆசிரியரின் வகுப்பில் அது விழுந்த இடத்திலேயே கிடந்தது. பிள்ளைக்கு நம்பிக்கை ஊட்டிவிட்டு, அந்த நம்பிக்கைக்கு இடம் தராத வகுப்புக்குத் திருப்பி அனுப்புவதில் ஒரு பயனும் இல்லை.

ஏணி, தரவரிசை, ஆல் பாஸ்

பழைய கணக்கை அழிக்கும் முயற்சியில் தமிழ்நாடு பல மாநிலங்களுக்கு முன்னோடி. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் அதற்கு முதல் சான்று. ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்திலிருந்து எடுத்த அந்த முறையை அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னின்று நடத்தினார். 2007-08-இல் அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. சுவரில் தொங்கும் கற்றல் ஏணியும் அட்டைகளும்தான் அதன் உயிர். ஒரு மாதம் அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்த் திரும்பிய பிள்ளை, வகுப்பு எங்கே போயிருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை. தான் விட்ட அட்டையை எடுத்து அங்கிருந்து தொடரலாம். நடைமுறையில் குறைகள் இருந்தன. ஆசிரியர்கள் அவற்றைச் சொல்லவும் செய்தார்கள். இருந்தாலும், ‘நீ எங்கே விட்டாயோ அங்கிருந்து வா’ என்று ஒரு பள்ளி முறையே பிள்ளையிடம் சொன்னது அரிய நிகழ்வு.

2012-13-இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. ஒரு பருவத்துப் புத்தகத்தை மூடிவிட்டு அடுத்ததைப் புதிதாகத் திறக்க ஆண்டுக்கு மூன்று வாய்ப்பு கிடைத்தது. 2017 மே மாதம் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் அறிவிக்கும் பழக்கம் நின்றது. அதே ஆண்டு பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது; அதில் தவறியவர்கள் பிளஸ் டூ படித்துக்கொண்டே பழைய பாடத்தையும் சுமந்தார்கள். 2025 ஆகஸ்ட் 8-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு நீங்கியது. தவறியவர்கள் ஓராண்டை இழக்காமல் அதே கோடையில் எழுதும் துணைத் தேர்வு எத்தனையோ குடும்பங்களுக்கு மூச்சு விட இடம் தந்திருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையோரத்து சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கும் இப்போது அந்தக் காற்று வீசுகிறது. பத்தாம் வகுப்புக்கு 2026 முதல் ஆண்டுக்கு இரண்டு தேர்வு என்று சி.பி.எஸ்.இ. முடிவெடுத்தது. கடல் கடந்தும் இதே போக்கு உண்டு: சிங்கப்பூர் 2019-இல் மாணவர் அறிக்கையிலிருந்து வகுப்பில் எத்தனையாவது இடம் என்ற விவரத்தை எடுத்துவிட்டது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பிள்ளைகளைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரிக்கும் நெடுநாள் ஏற்பாட்டையும் 2024 முதல் கைவிட்டது.

கணக்கை அழிப்பது மட்டும் போதாது என்பதைக் கொரோனா கற்றுத்தந்தது. 2020 ஜூனில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் அனைவரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. 2021-இலும் அதுவே நடந்தது. அன்றைய நிலையில் வேறு வழி இல்லை. ஆனால் பள்ளி திறந்தபோது, ஏழாம் வகுப்புப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு வாசிப்போடு உட்கார்ந்திருந்தான். 2021 அக்டோபர் 27-இல் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யும், 2022 ஜூனில் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் அந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகள். எல்லோரையும் அவை எட்டவில்லை. 2023 மார்ச் 13 அன்று பிளஸ் டூ தமிழ்த் தாள் நடந்தபோது 50,000-க்கும் மேற்பட்டோர் வரவில்லை என்ற செய்தி மாநிலத்தை உலுக்கியது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே எழுதாமல் மேலே வந்த தொகுதி அது. கொரோனாக் காலத்தில் வேலைக்குப் போய்விட்ட பலரின் பெயர்கள் பட்டியலில் மட்டும் தொடர்ந்தன என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

அடுத்து நடந்ததுதான் இங்கே முக்கியம். பள்ளி மேலாண்மைக் குழுக்களைக் கூட்டி, வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு ஆள் அனுப்பி, துணைத் தேர்வு எழுதவைக்க முயற்சி நடந்தது. ‘ஏன் வரவில்லை’ என்று மிரட்டாமல், ‘வா, இன்னும் நேரம் இருக்கிறது’ என்று அரசே வாசற்படியில் போய் நின்றது. அந்தக் கதவைத் தட்டும் வேலை ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு பள்ளியிலும் நடந்தாக வேண்டும்.

சட்டம் அதற்குத் துணையாகவே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, பள்ளிக்கே வராத அல்லது பாதியில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களோடு சமமாக வரச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. அதன் அடிப்படையில்தான் தமிழ்நாட்டில் இணைப்பு மையங்களும் உண்டு உறைவிடச் சிறப்புப் பயிற்சி மையங்களும் நடக்கின்றன. படூரில் கட்டட வேலைக்கு வந்த ஒடியா தொழிலாளியின் பத்து வயதுப் பெண்ணை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்துக் கூனிக்குறுகச் செய்யக் கூடாது என்பது அந்தப் பிரிவின் நோக்கம். அவள் தன் வயதுப் பிள்ளைகளோடு தொடங்கலாம்.

டி.சி.யில் எழுதும் வரி

2022 கோடையில் பள்ளிக் கல்வித் துறையிடமிருந்து இரண்டு அறிவிப்புகள் வந்தன. ஆசிரியர்களை மாணவர்கள் மிரட்டும் காணொலிகள் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. மே மாதம் சட்டமன்றத்தில் அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி, ஆசிரியர்களுக்குத் தொல்லை கொடுக்கும் மாணவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், அதற்கான காரணம் மாற்றுச் சான்றிதழிலும் நடத்தைச் சான்றிதழிலும் குறிப்பிடப்படும் என்றார். ஜூன் 13-இல் பள்ளி திறந்தபோதோ, தொடக்க நாட்களில் பாடம் நடத்தாமல் நல்லொழுக்க வகுப்புகளும் புத்துணர்வுப் பயிற்சிகளும் நடந்தன. ஒரே துறை, ஒரே பருவம், இரண்டு வழிகள்: ஒன்று பிள்ளையின் தவறைக் காகிதத்தில் எழுதி அவனோடு அனுப்புகிறது; மற்றொன்று பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவனோடு பேசுகிறது.

அன்றைய கோபத்தில் நியாயம் இருந்தது. நாற்பது, ஐம்பது பிள்ளைகள் முன்னால் அவமானப்பட்ட ஆசிரியரின் வலி சிறியதன்று. ஆனால் டி.சி.யில் எழுதும் ஒரு வரி என்ன செய்யும் என்று கேட்டாக வேண்டும். அடுத்த பள்ளி அதைப் படித்துவிட்டு ‘இடமில்லை’ என்று சொல்லும். அந்தப் பிள்ளை தாம்பரத்திலோ கூடுவாஞ்சேரியிலோ ஒரு மெக்கானிக் கடையில் ஒதுங்குவான். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. 2019-இல் அந்தப் பிரிவைத் திருத்தி மறுதேர்வுக்கும் நிறுத்திவைப்புக்கும் வழிசெய்தபோதுகூட நாடாளுமன்றம் இந்தத் தடையைத் தொடவில்லை.

நாட்டின் சிறார் நீதிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2015-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 3-ஆம் பிரிவில் பதினாறு அடிப்படைக் கொள்கைகளைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று புதிய தொடக்கக் கொள்கை: சிறப்புச் சூழ்நிலைகள் தவிர, சிறாரின் பழைய பதிவுகள் அனைத்தும் அழிக்கப்பட வேண்டும். திருடிப் பிடிபட்ட பிள்ளைக்குச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது. பெஞ்சை உடைத்த பிள்ளைக்கும் ஆசிரியரை எதிர்த்துப் பேசிய பிள்ளைக்கும் பள்ளி அதைத் தர மறுப்பதற்கு எந்த அறமும் துணை நிற்காது.

எழுதிவைத்த கொள்கை தானாக நடந்துவிடாது என்பதற்குக் கேளம்பாக்கம் இருக்கும் இதே மாவட்டத்தில் ஒரு துயரச் சான்று உண்டு. 2022 டிசம்பர் கடைசி நாளில் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் தாம்பரத்தைச் சேர்ந்த பதினேழு வயதுச் சிறுவன் உயிரிழந்தான். ரயில்வே இடத்தில் திருடியதாகப் பிடிபட்டவன் அவன். இல்லத்தின் பணியாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். சிறார் இல்லங்களைச் சீரமைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை 2023-இல் அரசு அமைத்தது. புதிய தொடக்கத்துக்கென்று அனுப்பிய இடத்திலிருந்து ஒரு பிள்ளை திரும்பவே இல்லை. இந்த வட்டாரத்துப் பள்ளிகள் மறக்கக் கூடாத நிகழ்வு இது. ஏனென்றால் அத்தகைய இல்லத்துக்குப் போகும் பாதை பெரும்பாலும் ஒரு வகுப்பறையிலிருந்து வெளியேறிய நாளில்தான் தொடங்குகிறது.

ஊர்ப் பெயரும் ஒரு கணக்கு

பிள்ளை செய்யாத தவறுக்கும் கணக்கு எழுதப்படுவது உண்டு. துரைப்பாக்கம் பக்கத்துக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளின் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். சென்னையின் ஆற்றோரங்களிலிருந்தும் கடலோரத்திலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்த குடும்பங்கள் அவை. பழைய பள்ளி எங்கோ இருக்க, ஆண்டின் நடுவில் புதிய பள்ளிக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள் ஏராளம். ‘எந்த ஏரியா?’ என்ற கேள்விக்கு உண்மையைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று வேறு விலாசம் கொடுத்த இளைஞர்கள் அங்கே உண்டு.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். தன் ஊரின் பெயரை மறைக்காமல், அதையே தன் அடையாளமாக முன்னே வைத்தார். பத்திரிகைகளும் ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே எழுதின. அவர் பெற்ற வெற்றியில் அவருடைய உழைப்பு இருக்கிறது. பயிற்சியாளரின் நம்பிக்கையும், பிள்ளைகள் கூடி ஆட ஒரு மைதானமும் சேர்ந்து இருக்கின்றன. அந்த மைதானத்தைப் போல வகுப்பறையும் ஆக முடியும்.

ஆசிரியர் மாறும்போது

டெட்சுகோ குரோயநாகியின் ‘டோட்டோ-சான்’ தமிழ் ஆசிரியர்கள் பலர் விரும்பிப் படித்த புத்தகம். முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமியாக அவரே வாழ்ந்த உண்மைக் கதை அது. புதிய பள்ளியான டோமோயியின் தலைமையாசிரியர் சோசாகு கோபயாஷி அவளை உட்காரவைத்து நான்கு மணி நேரம் அவள் பேசியதைக் கேட்டார். அதைவிடக் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று: அவள் நீக்கப்பட்டதையே அம்மா அவளிடம் சொல்லவில்லை. இருபது வயது கடந்த பிறகுதான் டெட்சுகோவுக்கு அது தெரிந்தது. ஒரு தாயும் ஒரு தலைமையாசிரியரும் சேர்ந்து பழைய கணக்கை அவள் கண்ணில் படாமலே அழித்துவிட்டார்கள்.

இது ஒரு தனி மனிதரின் பெருந்தன்மையோடு நின்றுவிட வேண்டியதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. கலிபோர்னியாவின் ஐந்து நடுநிலைப் பள்ளிகளில் 31 கணித ஆசிரியர்களைக் கொண்டு செய்த சோதனையை ஜேசன் ஒகோனோஃபுவா குழுவினர் 2016-இல் வெளியிட்டார்கள். தண்டிப்பதற்கு முன் பிள்ளையின் தரப்பைப் புரிந்துகொள்வது பற்றி ஆசிரியர்களுக்குக் குறுகிய இணையவழிப் பயிற்சி தரப்பட்டது. அவர்களிடம் படித்த மாணவர்களில் அந்த ஆண்டு சஸ்பெண்ட் ஆனவர்களின் விகிதம் 9.6 சதவீதத்துக்குப் பதில் 4.8 சதவீதமாக இருந்தது. மாணவர்களுக்குத் தனியாக எந்தப் பயிற்சியும் தரவில்லை.

இன்னோர் ஆய்வு 2021-இல் வந்தது. சிறார் காவல் இல்லத்திலிருந்து ஓக்லாந்து நகரப் பள்ளிகளுக்குத் திரும்பிய பிள்ளைகளிடம், அவர்கள் தேர்ந்தெடுத்த ஓர் ஆசிரியருக்குத் தங்களைப் பற்றிச் சொல்லும்படி கேட்டார்கள்: நான் எப்படிப்பட்டவன், எனக்கு எதில் உதவி வேண்டும், என்ன ஆக ஆசை. அது கடிதமாக அந்த ஆசிரியர் கைக்குப் போனது. கடிதம் போகாத பிள்ளைகளில் 69 சதவீதம் பேர் அடுத்த பருவம் முடிவதற்குள் மறுபடி பிடிபட்டார்கள். கடிதம் போனவர்களில் 29 சதவீதம். ஐம்பதுக்கும் குறைவான பிள்ளைகளை வைத்துச் செய்த சிறு ஆய்வு என்பதால் இதை நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நம்முடைய மன்னிப்புக் கடிதத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் கடிதங்கள்தான். மன்னிப்புக் கடிதம் பிள்ளை என்ன செய்தான் என்பதைப் பதிவு செய்கிறது. இந்தக் கடிதம் அவன் யார் என்பதை ஒரு பெரியவரிடம் அறிமுகம் செய்கிறது.

காயம்பட்ட பிள்ளை

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தப்பு செய்தவனுக்குப் புதிய தொடக்கம் என்றால், அவனால் அடிபட்டவனுக்கு என்ன? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை, உடன் படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் காயம்பட்டார். ‘மறந்துவிடுவோம், புதிதாகத் தொடங்குவோம்’ என்று சொல்வது அங்கே அநீதியின் பக்கம் நிற்பதாகும்.

அதன் பிறகு அதே நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த இன்னொரு குழு 2024 ஜூன் 18-இல் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகளுக்குத் தடை, பள்ளிகளில் நல அலுவலர்கள், அறநெறிப் பாடம் என்று பல பரிந்துரைகள் அதில் உண்டு. அந்த அறிக்கை உணர்த்துவது இதுதான்: பிள்ளையின் வன்முறைக்குப் பின்னால் ஊரும் வீடும் பள்ளியும் சேர்ந்து எழுதிய நெடுங்கணக்கு இருக்கிறது. அதைத் தொடாமல் பிள்ளையை மட்டும் திருந்தச் சொன்னால் நடக்காது.

நியூசிலாந்து 1989-இல் கொண்டுவந்த சட்டம் ஒரு நடுவழியைக் காட்டியது. தவறு செய்த சிறாரும் அவர் குடும்பமும் பாதிக்கப்பட்டவரும் ஒரே அறையில் உட்கார்ந்து, நடந்தது என்ன, இழப்பை எப்படி ஈடுசெய்வது என்று பேசி முடிவெடுக்கும் கூட்டம் அது. மாவோரி மக்களின் வழக்கங்களிலிருந்து அதற்கு ஊட்டம் கிடைத்தது. காயப்பட்டவர் தன் வலியைச் சொல்கிறார். காயப்படுத்தியவர் அதைக் காதால் கேட்கிறார். செய்ய வேண்டிய பரிகாரம் எழுத்தில் வருகிறது. அது முடிந்த பிறகே கணக்கு மூடப்படுகிறது. ஒரு வகுப்பில் பேனா திருடியது, கேலி செய்தது, கைகலப்பு போன்ற சின்னச் சண்டைகளுக்கு இந்த முறை அப்படியே பொருந்தும்.

ஜூன் முதல் வாரத்தில் செய்யக்கூடியவை

இத்தனையும் ஆசிரியர் தலையில் இன்னொரு சுமையாக இறங்கினால் ஒன்றும் நடக்காது. எமிஸ் என்னும் கல்வித் தகவல் பதிவு, பயிற்சிக் கூட்டம், நலத்திட்டப் பொருள் விநியோகம் என்று அவர்களின் நாள் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. அவர்களுக்குத் துணையாக ஆலோசகர்கள் வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்தப் பின்னணியில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25-இல் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனியாகப் பிரிப்பதும் எல்லோர் முன்பும் அவமானப்படுத்துவதும் கூடாது. கேளம்பாக்கத்தைச் சுற்றியுள்ள பெரிய தனியார் பள்ளிகளுக்கு இதற்கான வசதி இருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு அந்தப் பணியிடத்தை அரசுதான் உருவாக்க வேண்டும். அதுவரை மாணவர்களுக்காக 14417, மனநல உதவிக்கு 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்கள் ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் பெரிதாக எழுதப்பட்டிருப்பதே குறைந்தபட்சம்.

காசு செலவில்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. முந்தைய வகுப்பாசிரியர் புதிய வகுப்பாசிரியரிடம் பட்டியலை ஒப்படைக்கும்போது ‘இவன் தேறமாட்டான், இவகிட்ட ஜாக்கிரதை’ என்று வாய்வழியாகக் கடத்தும் குறிப்பை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பிள்ளையிடமும் கண்ட ஒரு நல்ல குணத்தை மட்டும் சொல்லி ஒப்படைக்கலாம். முதல் வாரத்தில் மன்னிப்புக் கடிதத்துக்குப் பதில் அறிமுகக் கடிதம் எழுதவைக்கலாம். எழுத வராத பிள்ளை சொல்ல, ஆசிரியர் எழுதிக்கொள்ளலாம். ‘நன்றாகப் படிப்பேன்’ என்ற பொது உறுதிமொழியை விட்டுவிட்டு, ‘சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கு ஏற்றியதும் கணக்கு நோட்டைத் திறப்பேன்’ என்று நேரமும் இடமும் செயலும் சேர்ந்த ஒரே ஒரு வாக்கியத்தை எழுதச் சொல்லலாம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விளக்கிய முறை இது; எண்ணத்தைச் செயலாக்க இந்தச் சிறு திட்டம் உதவும் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அந்த வாக்கியத்தைப் பிள்ளையே எடுத்துப் பார்த்து, நடந்ததா, எங்கே தடைபட்டது என்று இரண்டு வரி எழுதி, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மதிப்பெண் கூடாது; ஆசிரியரின் சிவப்பு மையும் கூடாது.

மீதி வேலை பள்ளி மேலாண்மைக் குழுவுடையது. பெற்றோரே பெரும்பான்மையாக இருக்கும் அந்தக் குழுவின் ஜூன் மாதக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் வரலாம். ஒன்று, போன ஆண்டு வராமல் நின்றுபோன பிள்ளைகளின் வீட்டுக்கு உறுப்பினர்கள் இருவர் இருவராகப் போவது. இரண்டு, பெற்றோரை வரவழைக்கும் நேரத்தைக் கூலி வேலைக்கு இடைஞ்சல் இல்லாத மாலைப் பொழுதுக்கு மாற்றுவது. மூன்று, தலைமையாசிரியர் அறை பீரோவில் இருக்கும் பழைய மன்னிப்புக் கடிதங்களை எழுதிய பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது.